‘எங்க நிக்கிதுன்னு பாப்போம்’

கணினித் திரையில் இருப்பதை ஷம்சாத் வாய்விட்டுத்தான் படிப்பார். மேலிருந்து கீழே, ஒரு வரி விடாமல், நாகூர்த் தமிழின் இழுப்போடு ஆங்கிலம். கமா வந்தால் "கமா" என்றே சொல்வார். பக்கத்தில் நிற்பவர் பொறுமையிழந்து, "அதெல்லாம் எதுக்குங்க, கடைசி வரியப் பாருங்க" என்றால் படிப்பதை நிறுத்தாமல் ஒரு கையை மட்டும் உயர்த்துவார். முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போவார். "கடைசி வரி அழுவுற வரி. எதுக்கு அழுவுதுன்னு மேலதான் எழுதியிருக்கும்" என்பது அவர் கட்சி.

அன்று அவர் அப்படிப் படித்துக்கொண்டிருந்தது நாகப்பட்டினம் துறைமுகத்தை ஒட்டிய ஒரு படகுச் சங்கத்தின் மாடியறையில். வெளியே கார்த்திகை மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கீழே மீன் ஏலக்கூடத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஏலமும் இல்லை, மீனும் இல்லை. எல்லாக் கண்களும் மாடியைப் பார்த்தே இருந்தன. நான் கருவாட்டு வியாபாரத்தைப் பற்றி எழுத வந்தவன். மழைக்கு ஒதுங்கி மாடியேறியவன், பொழுது சாயும்வரை இறங்கவில்லை.

விஷயம் இதுதான். கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு வடக்கே விலகிப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். விடிந்தபோது அது தெற்கே திரும்பியிருந்தது. அதற்குள் சங்கத்தின் விசைப்படகுகள் ஆழ்கடலுக்குப் போய்விட்டன. வாயால் பேசும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் ஒவ்வொரு படகிலும் சங்கம் ஒரு சிறிய கருவி பொருத்தியிருந்தது. படகு எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாக அது கரைக்குச் சொல்லும். மாடியறையில் உள்ள சர்வர் அதை வாங்கி வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்கும். கரையிலிருந்து ‘திரும்பி வா’ என்று ஒரு செய்தி அனுப்பினால் படகில் கருவி அலறும். எல்லாம் அந்த சர்வர் வழியாகத்தான். அதற்கு முந்தைய நாள் சாயங்காலம், அதைப் பொருத்திக் கொடுத்த சென்னைக் கம்பெனி அங்கிருந்தபடியே அதற்கு அப்கிரேடு போட்டது. போட்டு முடித்து, அணைத்து எழுப்பியது. சர்வர் எழவில்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் பாதிவரை ஓடி, இனி ஓட முடியாது என்று இயந்திரம் கைவிரிக்கும் ‘கர்னல் பேனிக்’ என்ற வார்த்தைகளோடு உறைந்து நின்றுவிட்டன.

"எல்லாம் போச்சுங்க" என்றார் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் வேம்பு. ஐம்பதைத் தாண்டிய மனிதர். முன்பு கடலுக்குப் போனவர், முதுகு வலியால் கரையேறியவர். அன்று காலை முதல் அதே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தியதில் கட்டைவிரல் சிவந்திருந்தது.

"போவலங்க" என்றார் ஷம்சாத், மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி. "பாதி வழியில நின்னிருக்கு. எங்க நிக்கிதுன்னு பாப்போம்." பிறகு வேம்புவின் கையைப் பார்த்தார். "இனிமே அத அழுத்தாதீங்க."

‘போச்சு’ என்ற சொல் அவருக்கு ஆகாது. அவர் சர்வர் பராமரிக்கும் இடங்களில் எல்லாம் இது தெரியும். குடவாசல் பக்கத்து அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறவர், "மேடம், போ…" என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கிக்கொண்டு, "மேடம், நின்னுருச்சு" என்று திருத்திக்கொள்வாராம். அந்த ஆலையின் சர்வரைத் திறந்தபோது காற்றாடி முழுக்க உமித்தூசி அடைந்திருந்தது. ஷம்சாத் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அரைநாள் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தார். வேளாங்கண்ணியில் திருவிழாச் சமயத்தில் ஒரு விடுதியின் அறைப்பதிவு மொத்தமும் முடங்கியபோது, கூட்டத்தில் ஸ்கூட்டர் போகாமல், கொடியேற்றம் பார்க்க நடக்கும் யாத்திரிகர்களோடு யாத்திரிகராக நடந்துபோய்ச் சரிசெய்தார்.

வயது நாற்பத்தைந்து இருக்கலாம். தலையைச் சுற்றிய துப்பட்டா, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. பென் டிரைவ்களை அத்தர் பாட்டில் வந்த வெல்வெட் பெட்டியில் வைத்திருக்கிறார். அதனால் அவர் கை வைத்த இயந்திரங்களில் லேசாக ஊது அத்தர் மணக்கும். பெட்டி சவூதியின் தம்மாமிலிருந்து கணவர் நெய்னா முகம்மது கொடுத்தனுப்பியது. கலியாணமாகி வருடம் திரும்புவதற்குள் அங்கே போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் இருப்பார்.

ஷம்சாத் இந்தத் தொழிலுக்கு வந்ததே அவரால்தான். ஊரில் முதல் பிரவுசிங் சென்டரை அஹமது கபீர் என்பவர் திறந்த காலம் அது. வெள்ளிக்கிழமையானால் வளைகுடாவில் இருக்கும் கணவன்மாரின் முகத்தைத் திரையில் பார்க்கப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் காட்டும்போது சரியாகப் படம் உறைந்துவிடும். வைரஸ். ஒரு வெள்ளிக்கிழமை நெய்னா முகம்மதுவின் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றுபோனது. மற்றவர்கள் எழுந்து போனார்கள். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருந்த ஷம்சாத் மட்டும், "ஏன் நிக்கிது?" என்று கபீரிடம் கேட்டார். கபீருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமும் கேட்டார். மூன்றாவது வாரம் கபீர் ஓரத்தில் கிடந்த ஒரு பழைய இயந்திரத்தையும், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியையும் கொடுத்து, "நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா" என்றாராம். அந்த சிடியில் இருந்தது லினக்ஸ் என்ற இயங்குதளம்.

"மொத தடவ போட்டப்ப எழுந்திரிக்கல" என்றார் என்னிடம். "ரெண்டாவது தடவயும் எழுந்திரிக்கல. ஆனா ஒவ்வொரு தடவயும் ஏன் எழுந்திரிக்கலன்னு எழுதிக் காட்டுச்சு. அதுதான் எனக்குப் புடிச்சிது. மறைக்கல பாருங்க."

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தார். ஒரு வருடத்தில் கபீரின் சென்டரில் எல்லா இயந்திரமும் லினக்ஸில் ஓடின. பிள்ளைகளின் முகங்கள் உறையாமல் தம்மாமுக்கும் ஷார்ஜாவுக்கும் போய்ச் சேர்ந்தன. பிறகு கைப்பேசியிலேயே முகம் பார்க்கும் காலம் வந்தது. கபீர் சென்டரை மூடிவிட்டுச் செருப்புக்கடை வைத்தார். ஷம்சாத் ஆலைக்கும் விடுதிக்கும் சங்கத்துக்கும் சர்வர் பார்க்கப் போனார்.

மாடியறையில் அவர் இரண்டாம் முறை படித்து முடித்தபோது மேசைமேல் இருந்த கைப்பேசி பேசியது. சென்னையிலிருந்து சூர்யபிரகாஷ். முந்தைய நாள் அப்கிரேடு போட்டவர். குரலில் இரவெல்லாம் தூங்காத களைப்பு.

"அக்கா, பேக்கப் இருக்கு. டிஸ்க்க பார்மட் பண்ணிட்டு புதுசா ஏத்திடலாம். ஒரு மணி நேரத்துல எழுந்துரும்."

வேம்புவின் முகம் தெளிந்தது. "பண்ணச் சொல்லுங்க, பண்ணச் சொல்லுங்க."

"பேக்கப் எப்பத்துது தம்பி?" என்று கேட்டார் ஷம்சாத்.

சிறிது நேரம் விசைப்பலகைச் சத்தம். "ஜூலைக்கா."

ஷம்சாத் வேம்புவைப் பார்த்தார். "ஜூலைக்கு அப்புறம் கருவி மாட்டுன படகு இருக்காங்க?"

"ஏழெட்டு இருக்கும்."

"அதுங்களோட நம்பரும் சாவியும் இந்த டிஸ்க்குக்குள்ளதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல. பார்மட் பண்ணா மத்த படகுக்கு செய்தி போவும். இந்த ஏழெட்டுக்குப் போவாது."

வாசற்படியில் யாரோ அசைந்தார்கள். எப்போது ஏறி வந்தார் என்று தெரியவில்லை. நனைந்த சேலை முந்தானையைப் பிழிந்து கையில் பிடித்தபடி ஓர் இளம்பெண் நின்றிருந்தார். பெயர் குந்தவை என்பது பிறகு தெரிந்தது. கணவர் துரைராசு படகோட்டி. "எங்க படகுக்கு ஐப்பசியிலதான்க்கா மாட்டுனாங்க" என்றார்.

போனில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"அழிக்கிறது கடைசியா செய்யிற வேல" என்றார் ஷம்சாத். "உள்ள வாம்மா. நனையாத." வெல்வெட் பெட்டியைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்து, ‘பிஸ்மில்லாஹ்’ என்று முணுமுணுத்துச் சொருகினார். சர்வர் தன் டிஸ்க்கைத் தொடாமல், அந்தப் பென் டிரைவில் இருந்த லினக்ஸில் எழுந்தது. டிஸ்க்கை எழுத முடியாதபடி, படிக்க மட்டும் முடியும்படி திறந்தார். உள்ளே எல்லாம் அப்படியே இருந்தன. இனி சரிசெய்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ தன் மடிக்கணினியை இணைத்து, உள்ளே இருப்பதை முதலில் நகல் எடுக்க ஆரம்பித்தார்.

பச்சைக் கோடு ஒன்று எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தது. வெளியே காற்று மாறுவது கேட்டது. கம்பிக்கதவு ஒருமுறை தானாக அடித்துக்கொண்டது. வேம்புவால் தாங்க முடியவில்லை.

"ஆளுங்க அங்க நடுக்கடல்ல கெடக்காங்க. நீங்க காப்பி எடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க."

ஷம்சாத் கோபப்படவில்லை. "கெடக்கிறவங்க பேரு இதுலதாங்க இருக்கு" என்றார். "நான் கையத் தப்பா வச்சிட்டா, இது ஒண்ணுதான் மிச்சம்."

நகல் முடிந்ததும் அதிலிருந்து, சர்வர் நிற்பதற்கு முன் ஒவ்வொரு படகும் கடைசியாகச் சொன்ன இடத்தை எடுத்து வேம்புவிடம் படித்தார். வேம்பு கடலோரக் காவல் படைக்குத் தொலைபேசியில் அதைத் திருப்பிச் சொன்னார். துரைராசுவின் படகுப் பெயர் வந்தபோது குந்தவையின் உதடும் கூடவே அசைந்தது. நேற்றைய இடம்தான். ஆனாலும் தேடுகிறவர்களுக்கு ஒரு தொடக்கம்.

அதன் பிறகே சரிசெய்யும் வேலை. என் போன்றவர்களுக்குப் புரியும்படி அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். சர்வர் கண் விழிக்கும்போது அதற்குத் தன்னுடைய பெரிய டிஸ்க்கையே திறக்கத் தெரியாது. எப்படித் திறப்பது என்பதைச் சொல்லும் ஒரு சின்னக் கோப்பு, டிஸ்க்கின் ஓரத்தில் தனியாக ஒதுக்கிய ஒரு குட்டி அறையில் இருக்கும். அப்கிரேடு போடும்போது அந்தக் கோப்பைப் புதிதாக எழுதுவார்கள். குட்டி அறை பழைய பதிப்புகளால் நிரம்பிக் கிடந்தது. எழுத எழுத இடம் தீர்ந்துபோனது. கோப்பு பாதியில் அறுந்தது. புதியதுதான் அப்படி என்றால் பழைய பதிப்பிலாவது எழுப்பலாம். அப்கிரேடு அதையும் திருத்தி எழுதப் போய், அதுவும் அறுந்திருந்தது.

"ரெண்டும் பாதி" என்றார் ஷம்சாத்.

கடலுக்கும் கரைக்கும் நடுவே அத்தனை மனிதர்கள். அவர்களுக்கும் ஏலக்கூடத்தில் நின்ற பெண்களுக்கும் நடுவே, எழுதி முடிக்கப்படாத ஒரு கோப்பு. அது அறுந்த இடத்தை இந்தப் பெண் விரலால் தொட்டுக் காட்டுகிறார்.

"இடம் இருக்கான்னு நான் பாத்திருக்கணும்க்கா" என்றது சென்னைக் குரல், மெதுவாக.

"பழசையெல்லாம் அள்ளி வெளிய போடாம வச்சிருந்தது நானு. அத அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்குவோம். இப்ப நான் படிக்கப் படிக்க நீங்க சரிபாருங்க. ஒத்தக் கண்ணுக்குத் தப்பு தெரியாது."

அதன் பிறகு நடந்ததை எந்தப் பெயரால் சொல்வது என்று தெரியவில்லை. ஷம்சாத் ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாகப் படிப்பார். சென்னையில் இருப்பவர் அதையே திருப்பிச் சொல்லி, "சரிக்கா" என்பார். அப்போதுதான் ஷம்சாத்தின் சுண்டுவிரல் எண்டர் பொத்தானைத் தொடும். வேறு எந்த விரலாலும் அவர் அந்தப் பொத்தானைத் தொட்டு நான் பார்க்கவில்லை. குட்டி அறையில் பழையவை ஒவ்வொன்றாக வெளியேறின. கோப்பு முழுதாக எழுதப்பட்டது. எழுதிய அளவை ஷம்சாத் படித்தார், இருக்க வேண்டிய அளவைச் சூர்யபிரகாஷ் சென்னையில் பார்த்துச் சொன்னார். ஒத்துப்போனது. பென் டிரைவைப் பிடுங்கி, சர்வரை எழுப்பினார்.

வெள்ளை எழுத்துகள் ஓடின. காலையில் நின்ற இடத்தைத் தாண்டின. வேம்பு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். எழுத்துகள் நின்றன.

வேம்பு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். குந்தவை சுவரோடு சாய்ந்தார். ஷம்சாத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"வேற எடத்துல நிக்கிது. நல்லது."

மறுபடி முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். இந்த முறை பாதியிலேயே போனிலிருந்து சூர்யபிரகாஷ், "டிஸ்க் பேரு மாறிடுச்சுக்கா" என்றார். சர்வருக்குள் இரண்டு டிஸ்க்குகள். புதிய பதிப்பு அவற்றை வரிசை மாற்றிப் பெயரிட்டுவிட்டது. இரண்டாவதைத் தேடிய சர்வர் முதலாவதின் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. ஷம்சாத் தலையாட்டினார். "ரெண்டாவது ரெண்டாவதுன்னு கூப்ட்டா யாரு வேணும்னாலும் திரும்பிப் பாப்பாங்க. சொந்தப் பேரச் சொல்லிக் கூப்டுவோம்." ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மாறாத நீண்ட அடையாள எண் உண்டு. பெயரை எடுத்துவிட்டு அந்த எண்ணை எழுதினார்கள், எழுத்தெழுத்தாக, இருவரும் சேர்ந்து.

நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது குந்தவை ஷம்சாத்திடம் கேட்டிருந்தார்: "உங்க வூட்டுக்காரரும் கடலாக்கா?"

"கடலுக்கு அந்தாண்ட" என்றார் ஷம்சாத், பச்சைக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு புள்ளி எங்க இருக்குன்னு தெரியும். எப்ப திரும்பும்னுதான் தெரியாது." குந்தவை அதன் பிறகு வாசற்படியிலிருந்து நகர்ந்து அவர் நாற்காலியின் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

இரண்டாவது முறை எழுத்துகள் நிற்கவில்லை. ஓடி, ஓடி, திரை ஒருமுறை இருண்டு, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அமைதியான வரியில் வந்து நின்றது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஷம்சாத். கொண்டாட்டம் எதுவும் இல்லாத குரல். வேம்பு கண்ணைத் துடைத்தபடியே வரைபடத்தைத் திறந்தார். முதலில் நீலம் மட்டும் இருந்தது. பிறகு ஒரு புள்ளி. கோடியக்கரைக்குக் கிழக்கே இன்னொன்று. பிறகு கொத்தாக நாலைந்து. வேம்பு செய்தியை அனுப்பினார். ‘காற்று திரும்பிவிட்டது. அருகில் உள்ள கரைக்குப் போகவும்.’ பதில் வந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. மாடியேறி வந்திருந்த யாரோ ஜன்னல் வழியாகக் கீழே படகுப் பெயர்களைக் கூவ ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஏலக்கூடத்தில் ஒரு குரல் எழுந்து அடங்கியது.

அன்று எல்லாப் படகும் கரை சேர்ந்தன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சில காரைக்காலில் ஒதுங்கின. ஒரு படகு இயந்திரம் நின்று, இன்னொன்று அதைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. மறுநாள் காற்றில் ஏலக்கூடத்தின் தகரக் கூரை பறந்தது. ஆள் சேதம் இல்லை.

ஆனால் அந்த மத்தியானம் யாருக்கும் அது தெரியாது. துரைராசுவின் படகு வரைபடத்தில் வரவே இல்லை. மற்ற பெயர்கள் கூவி முடிந்து, கீழே பெண்கள் கலைய ஆரம்பித்த பிறகும் வரவில்லை. வேம்பு தொலைபேசியில் இருந்தார். ஷம்சாத் அந்தக் கருவியின் எண்ணை மட்டும் தனியே எடுத்துவைத்து, மறுபடி மறுபடி செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் பொத்தானில். காத்திருத்தல். மறுபடி சுண்டுவிரல். குந்தவை அழவில்லை. நாற்காலியின் முதுகுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

தெற்கே, மற்ற எல்லாவற்றையும்விடத் தொலைவில், ஒரு புள்ளி தோன்றியது. கொஞ்ச நேரம் மஞ்சளாகவே இருந்தது. பிறகு பச்சை.

"இதுவா?" என்றார் குந்தவை.

"அதுதான்மா. செய்தி பாத்துட்டாங்க."

"நகரலியே."

"திரும்புறதுக்கு நேரமாவும். அடுத்த தடவ இடம் சொல்லும்போது தெரியும்."

அடுத்த தடவை வந்தபோது புள்ளி மேற்கே, ஒரு நெல்மணி அகலம் நகர்ந்திருந்தது.

வேலை முடிந்துவிட்டது. ஷம்சாத் பென் டிரைவ்களை எடுத்து வைத்தார், போனில் சூர்யபிரகாஷிடம், "போய்த் தூங்குங்க தம்பி" என்றார், மழைக்கோட்டை ஆணியிலிருந்து எடுத்தார். எடுத்தவர் அதை மாட்டிக்கொள்ளவில்லை. காலை முதல் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் குந்தவையைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். திரையை அவர் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார். பிறகு மழைக்கோட்டைத் தரையில் விரித்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.